பலகைக்கு அந்தப் பக்கம்

லிவர்பூல்
19 பிப்ரவரி 1921

டெலியா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. கப்பலில் மாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டே வந்தேன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு விதவை வீட்டு மாடியில் கட்டில் கிடைத்திருக்கிறது. பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறேன்.

இது என்னிஸ் நகரில் இருக்கும் உன் தங்கை கேட் கையால்தான் உனக்கு வரும். நேராக நம் ஊருக்குப் போட்டால் பாதி ஊர் படித்த பிறகுதான் உன்னிடம் வரும். நீயும் அவள் வழியாகவே எழுது.

இங்கே பேச ஆளில்லை. நடந்ததையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் சொல்கிறேன், எங்காவது தப்பாக இருந்தால் திருத்து. ஜனவரி கடைசி வெள்ளி, சந்தை நாள், மதியம் மூன்று மணி. நம் ஊர்ப் போராளிகளுக்குத் தலைவன் பேடர் மாரினனும் அவன் ஆள் லூக்கும் நம் மதுக்கடைக் கவுண்டரின் கோடியில், பெண்களும் மறைவாகக் குடிக்க வருகிறவர்களும் உட்காரும் சின்னறையின் தடுப்பை ஒட்டி நின்றார்கள். செனன் கல்லினான் பின்வாசல் வழியாக வந்தான். நாலு மாதம் அரசாங்கப் பட்டாளத்துக்குத் தப்பி வாய்க்காலிலும் புதரிலும் படுத்தவன், தாடியும் இருமலுமாக இருந்தான். "இன்னைக்கு மில்லு மாடியில படுத்துக்கறேன்டா, அங்க வைக்கோலாவது காஞ்சிருக்கும்" என்றான். அவனுக்கு ஒரு கறுப்பு பீர் ஊற்றி வைத்துவிட்டு, பீப்பாய் மாற்ற நான் நிலவறைக்குப் போனேன். மறுநாள் விடிவதற்குள் பட்டாளம் மில்லைச் சுற்றி வளைத்து அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டது.

செனனை நம் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். செத்தவர் உடலைக் கிட்டத்தில் இருக்கிற மதுக்கடையில் வைத்துத்தான் மரண விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம். நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நிலவறையில் பீப்பாய் வைக்கிற பலகையைக் கழுவி அதன் மேல் கிடத்தினோம். வேலை முடிந்து போகும்போது சார்ஜென்ட் ஊரே பார்க்க என் தோளில் கை வைத்து, "உதவிக்கு ரொம்ப நன்றி கோர்மக்" என்றானே, அங்கேதான் என் தலையெழுத்து மாறியது. பலகைக்காக நன்றி சொன்னான் அந்த மடையன். அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் காலையில் நம் கதவுக்கடியில் காகிதம். "ஒற்றனுக்கு இந்த ஊரில் இடமில்லை."

செனன் சொன்னதைக் கேட்டவர்கள் பேடர், லூக், நான், அவ்வளவுதான் என்று பேடர் நினைக்கிறான். ஆனால் நிலவறைப் படியில் நான் கால் வைக்கும்போது சின்னறை ஜன்னல் பலகையை யாரோ தட்டினார்கள். நீதான் போய்த் திறந்தாய். அந்தத் தடுப்பு கூரை வரை எட்டாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "ஆண்டவர் காப்பாராக" என்பார்கள். இதை நான் பேடரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் உன் முன்னால் வந்து நின்றிருப்பான்.

ஜன்னலில் நீளுகிற கையை மட்டும் பார், முகத்தைப் பார்க்காதே, பெயரைச் சொல்லாதே என்று எங்கள் அப்பா உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கவுண்டருக்குப் பின்னால் விட்டார். மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்கு அங்கே யார், டெலியா?

கோர்மக்


குலன்மோர், கிளேர்
27 பிப்ரவரி

கோர்மக்,

கடை எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலிருந்தே நீ எவ்வளவு பயந்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு வாரம் யாரும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், அடுத்த கடைக்கு மூன்று மைல் நடக்க வேண்டுமே. பேச்சு மட்டும் இல்லை. முன்பெல்லாம் கணப்பைப் பார்த்து உட்காருவார்கள், இப்போது எல்லாரும் வாசலைப் பார்த்து உட்காருகிறார்கள். பட்டாள லாரி வருவது காதில் விழுவதற்கு முன்னால் அலமாரியில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டும். அப்போது எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் மேஜை மேல் வந்துவிடுகிறது. மளிகைப் பக்கம் தேயிலை வாங்க வருகிற பெண்கள்கூடப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உடனே போய்விடுகிறார்கள். விற்பனைக்குக் கூரையில் தொங்கும் பூட்ஸ்களுக்கு அடியில் நான் தனியாக நின்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால்தான் ஓட விட்டிருக்கிறேன். அதையாவது நீ வைத்தபடி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பகலில் பேடர் வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"லிவர்பூல்லதான் இருக்கான்னு தெரியும் டெலியா. அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்க."

"கோர்மக் அப்படிப்பட்ட ஆள் இல்ல பேடர். உன் ஞானஸ்நானத்தன்னிக்கு ஊருக்கே ஊத்தினவன்."

"அப்ப வேற எவன்னு சொல்லு. குருத்தோலை ஞாயித்துக்குள்ள வேற ஒரு பேர் என் கைக்கு வரணும். வரலைன்னா இருக்கற பேர வெச்சு முடிச்சிருவோம். எனக்கும் இது ஆசையா என்ன? செனன் என் கூடப் படிச்சவன்."

அவனுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தேன். தொடாமல் போய்விட்டான். நம் கடையில் ஒருவன் ஊற்றிய கிளாஸைத் தொடாமல் போனதை நான் பார்த்ததில்லை.

சின்னறையைப் பற்றிக் கேட்காதே. பதினாறு வருடமாக அந்தப் பலகையைத் தள்ளித் திறந்து மூடுகிறேன். வாத்தியார் மனைவி எதற்கு அழுதாள், பங்குச் சாமியார் எத்தனை கிளாஸ் குடித்தார் என்று எல்லாம் எனக்குத் தெரியும். உன்னிடம்கூடச் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. நம் கடைக்கு இருக்கிற மரியாதையே அதுதான்.

செனனின் அம்மா வின்னி கல்லினான் அடக்கத்துக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வருகிறாள். சந்து வாசல் வழியாக வந்து சின்னறையில் தனியாக உட்காருகிறாள். சூடான விஸ்கி கேட்கிறாள், குடிப்பதில்லை. ஆறிப்போன கிளாஸ் அப்படியே திரும்பி வருகிறது.

வெளியே அதிகம் நடமாடாதே.

டெலியா


லிவர்பூல்
6 மார்ச்

டெலியா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மரியாதையாம். நல்ல மரியாதை. என்னைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் அதன் மேல் அந்த மரியாதையைப் போர்த்திவிடு.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, பயத்தில் எழுதுகிறேன். புதன்கிழமை தெருமுனையில் ஒருவன் நின்றான். நம் ஊர்ப்பக்கத்து ஆள், அவன் நிற்கிற நிற்பிலேயே தெரிந்துவிட்டது. இங்கே யாரும் சுவரில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு நிற்பதில்லை. வெள்ளிக்கிழமையும் நின்றான். நேற்று வீட்டுக்கார அம்மா, "உன்னத் தேடி யாரோ வந்தாங்கப்பா. உன் பேரு இதுதானா, வேற பேரான்னு கேட்டாங்க" என்றாள். அப்போது சூப் குடித்துக்கொண்டிருந்தேன். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

நான் தைரியசாலி இல்லை, உனக்குத் தெரியும். கவுண்டருக்குப் பின்னால் நின்றால் எவனையும் வாய்க்கு வாய் பேசி அடக்குவேன், அந்தப் பலகை எனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற தைரியம் அது. இங்கே எனக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால்கூட முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீ சொல்ல மறுப்பதற்கு என்ன காரணம் என்று யோசித்து யோசித்து ஓர் இடத்துக்கு வந்து நிற்கிறேன். அன்றைக்கு ஜன்னலைத் திறந்தவள் நீ. செனன் சொன்னதைக் கேட்டவளும் நீ. உன் வாயிலிருந்து ஏதாவது வெளியே போயிற்றா? தெரியாமல், பேச்சுவாக்கில்? அப்படியென்றால் சொல்லிவிடு. நான் அதைச் சுமந்துகொள்கிறேன். காரணம் தெரியாமல் சாவதுதான் எனக்கு முடியவில்லை.

கோர்மக்


குலன்மோர்
10 மார்ச்

கோர்மக்,

இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். அடுப்பிடம் திட்டினேன், பீப்பாயிடம் திட்டினேன், ஜெபமாலை சொல்லும்போது நடுவில் நிறுத்திக்கூடத் திட்டினேன். பதினாறு வருடம் கூட வாழ்ந்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்கிறாய். பேடர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை.

சரி, தெரிந்துகொள். தெரிந்த பிறகு, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பாய்.

அன்று சின்னறையில் இரண்டு பேர். ஒரு கை போர்ட் ஒயின் வாங்கியது, முட்டைக்காரி லிஸி டகனின் வீங்கின விரல், இறுகின மோதிரம். இன்னொரு கை சூடான விஸ்கிக்கு நீண்டது. சுண்டுவிரல் நிமிராத கை. கையை மட்டும் பார் என்றார் உங்கள் அப்பா. பதினாறு வருடம் கையை மட்டும் பார்த்தவளுக்கு முகம் எதற்கு? அது வின்னி.

நான் கிளாஸை நீட்டும்போது அவள் தடுப்பில் காதை வைத்திருந்தாள். செனன் இந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "என் பிள்ளைடி லிஸி. சத்தம் கேக்குதா? நாலு மாசம் ஆச்சு. இன்னைக்கு மில்லு மாடியில படுக்கறானாம். இன்னைக்காவது காஞ்ச எடத்துல படுப்பான்" என்று கிசுகிசுத்தாள். நான் பலகையை மூடிவிட்டேன். ஒரு தாயின் சந்தோஷம், அதில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

லிஸி பட்டாள முகாமுக்கு முட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள், ஊருக்குத் தெரியாமல். கெட்டவள் இல்லை, வாய் நிற்காதவள். சமையல்காரனிடம் எதையோ உளறியிருப்பாள். அடக்கத்துக்கு மறுநாளே கால்வேயில் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் போனதில் இருந்துதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

இப்போது சொல், பேடரிடம் நான் என்ன சொல்ல? லிஸி என்று சொன்னால், லிஸிக்கு யார் சொன்னது என்று கேட்பான். ஒரே பிள்ளையைக் குழியில் வைத்த பெண்ணிடம் போய், பட்டாளத்துக்கு வழி காட்டியது உன் வாய்தான் என்று யார் சொல்வது? நீ சொல்வாயா?

நேற்று பேடர் மறுபடி வந்தான். இந்தத் தடவை துப்பாக்கியைக் கவுண்டர் மேல் வைத்தான், பணிவாகத்தான் வைத்தான், கிளாஸ்களைத் தள்ளி இடம் செய்துகொண்டு. "பத்து நாள் இருக்கு டெலியா" என்றான். அந்தப் பெயர் என் பல்லுக்குப் பின்னால்தான் இருந்தது.

எனக்கு நீயும் வேண்டும். அதை எழுதாமல் கடிதத்தை மூட முடியவில்லை.

டெலியா


லிவர்பூல்
15 மார்ச்

டெலியா,

உன்னைக் கேட்டதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். மன்னித்துவிடு.

வின்னியா? அவள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பாதான் பீப்பாய் கொண்டுபோய் இறக்கினார். செனன் பிறந்தபோது என் அம்மா போய்ப் பத்து நாள் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் அவள் பிள்ளையைக் கழுவி வைத்தவன். காதுக்குப் பின்னால் வைக்கோல் ஒட்டியிருந்தது, அதை எடுத்தது நான்தான்.

ஆனாலும் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நேற்று பேடருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், அவள் பெயரையும். உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். தபால் பெட்டி வரை மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் திரும்பிவிட்டேன். அது பையில் இருக்கிறது என்ற நினைப்பிலேயே நேற்று நாலு மணி நேரம் தூங்கினேன். வந்ததிலிருந்து அவ்வளவு நேரம் தூங்கியதில்லை. எவ்வளவு கேவலம் பார்.

அந்த ஆள் இப்போது தெருமுனையில் இல்லை, எதிர்வீட்டில் அறை எடுத்திருக்கிறான். ஜன்னலில் புகை பிடிக்கிறான். என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினான், தெரிந்தவனைப் பார்த்து ஆட்டுவது போல.

சனிக்கிழமை வரை போடமாட்டேன். உனக்கு வேறு வழி ஏதாவது தோன்றினால் அதற்குள் எழுது. வேறு வழி இல்லை என்று எனக்கும் தெரியும். எனக்கு நாற்பத்தோரு வயது. சாக வேண்டிய அளவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அவளும்தான் ஒன்றும் செய்யவில்லை, அதுதான் என்னைப் போட்டுக் கொல்கிறது.

கோர்மக்


குலன்மோர்
19 மார்ச், சனிக்கிழமை

கோர்மக்,

வா. வீட்டுக்கு வந்துவிடு. உன்னைத் தொட வேண்டாம் என்று எதிர்வீட்டு ஆளுக்கு நேற்றே தந்தி போய்விட்டது. பேடர் என் எதிரிலேயே அதை எழுதி லூக்கிடம் கொடுத்து அனுப்பினான். நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி, பாதியில் பெட்டி கட்டக் கிளம்பாதே.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. மதியம் மூன்று மணிக்குக் கடையில் பேடர், லூக், இன்னும் நாலைந்து பேர். எல்லாருக்கும் நாள் கணக்கு தெரியும், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தள்ளினேன். சுண்டுவிரல் நிமிராத கை வந்து ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. விஸ்கியைச் சூடு செய்து, கிராம்பு போட்டு, அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். பலகையை மூடப் போனேன், கை எடுபடவில்லை.

"இன்னும் எத்தன வெள்ளிக்கெழம மகளே?" என்றாள்.

"என்ன வின்னி அம்மா?"

"உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். லிஸி ஓடிப்போன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு வெள்ளியும் வந்து தட்டறேன், இன்னைக்கு இவ வாயத் தொறந்திருவா, எனக்கு முடிஞ்சிரும்னு. நீ ஊத்திக் குடுத்துட்டுப் பலகைய மூடிடற."

அவள் எழுந்த சத்தம் கேட்டது, சந்துக் கதவு திறந்து மூடியது. போய்விட்டாள் என்று நினைத்தேன். மழையில் வீட்டைச் சுற்றி வந்து, முன்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, மளிகைப் பக்கத்தைத் தாண்டி, நேராக ஆண்கள் பக்கத்துக்குள் வந்தாள். நம் கடையில் அந்த இடத்தில் கவுண்டருக்கு வெளியே ஒரு பெண் நின்று நான் பார்த்ததில்லை, நீயும் பார்த்திருக்க மாட்டாய். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பேடர் தொப்பியைக் கழற்றினான்.

"அம்மா, இங்க வேணாம். நான் வெளிய வர்றேன்."

"எங்க வேணாம்? என் பிள்ள இங்கதானடா நின்னான்." எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "கோர்மக் சொல்லல. நான் சொன்னேன். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு, அவன் இருமறதக் கேட்டுகிட்டு, லிஸிகிட்ட நான்தான் சொன்னேன், மில்லு மாடின்னு."

"வின்னி அம்மா..." என்றான் பேடர்.

"பேசாத. நாலு மாசமா அவன் மூஞ்சியப் பாக்கல. ஆறடி தூரம்டா. இந்த வாசல் வழியா வந்திருந்தா பாத்திருப்பேன். பாத்திருந்தா யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன், மனசு நெறஞ்சு போயிருக்கும். பொம்பளைங்க இந்தப் பக்கம் வரக்கூடாதே, வரல." பிறகு என்னைப் பார்த்தாள். "உன் புருஷன் ஓடிப்போனப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு டெலியா. சாமி என்ன மன்னிக்கட்டும்."

பேடர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில், "இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். எவன் வாயிலயாவது வந்துச்சு, அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்றான். என்னிடம், "அவன வரச் சொல்லு" என்றான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

வின்னி லூக்கைக் கேட்டாள், "அவன் எங்க நின்னான்? கைய எங்க வெச்சிருந்தான்?" லூக் விரலால் கவுண்டரில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். அவள் போய் அங்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள். விளக்கு ஏற்றும் வரை நின்றாள். ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். பிறகு நான் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டில் விட்டு வந்தேன். வழி முழுக்க அவள் என் கையை விடவில்லை.

இன்று காலை பேடர் வந்தான். ஓர் உறையைக் கவுண்டர் மேல் வைத்தான். உன் கையெழுத்து. அவன் அதைப் பிரிக்கவில்லை. "இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நேத்து அந்தம்மா வரலைன்னா இத நான் படிச்சிருப்பேன்" என்றான். அவனே எடுத்துக் கணப்பில் போட்டான். முழுக்க எரியும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உறையின் மேல் இருந்த தபால் முத்திரையை நான் பார்த்துவிட்டேன், கோர்மக். புதன்கிழமை. சனிக்கிழமை வரை போடமாட்டேன் என்று எனக்கு எழுதிய மறுநாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடாதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நேற்று அவள் கிளாஸில் கிராம்பைப் போடும்போது நானும் முடிவு செய்துவிட்டேன். இதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி, பேடரிடம் பெயரைச் சொல்லிவிடுவது என்று. அவள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தபோது வாயைத் திறந்துவிட்டேன். அவள் எனக்கு முன்னால் பேசிவிட்டாள், அவ்வளவுதான்.

கிடைக்கிற முதல் கப்பலில் வா.

டெலியா